ஈச்சங்குளத்துக் கும்பிடு சேவை

அத்தியாயம் 17

மதுரை டாக்டர் ஆபரேஷனுக்குச் செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டில், ரத்தம், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் என்று எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. ஸ்டெல்லாமேரி சரி என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அவள் சொல்லவில்லை.

“அந்தோணியார் திருநாளுக்கு ஈச்சங்குளம் போணும். போயிட்டு வந்து சொல்லுதேன்” என்றாள். சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போனவளிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. புருஷன் சாமுவேல்ராஜாலும் முடியவில்லை, தூத்துக்குடியிலிருந்து லீவு போட்டு ஓடிவந்திருந்த மகள் வினோலியாவாலும் முடியவில்லை. போன வாரம் அந்த அடுக்களை வாசலில்தான் மூன்று பேரையும் விட்டுவிட்டு வந்தோம்.

ஜூன் பதிமூன்று, சனிக்கிழமையாக விடிந்தது.

சாமுவேல்ராஜுக்குக் கோவில்பட்டியில் மோட்டார் வைண்டிங் கடை. கடை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சபை. செயலாளர் பதவி. மாதா, புனிதர் என்று எந்தச் சுரூபத்துக்கு முன்னாலும் மண்டியிடாத சபை அது. ஆர்.சி., அதாவது கத்தோலிக்க வீட்டில் பிறந்த ஸ்டெல்லாவை அந்தச் சபையில் வைத்துத்தான் தாலி கட்டினார். அதற்குப் பிறகு அவள் பிறந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறாள். ஈச்சங்குளம் அந்தோணியார் கோயிலுக்கு மட்டும் போனதில்லை. போகிறேன் என்று கேட்டபோது ஒருமுறை அவர் கூடாது என்றார். அவள் மறுமுறை கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர் இன்று விடியக் காலையில் வாளியும் துணியுமாகக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற உடுப்பு.

ஸ்டெல்லா வெளியே வந்தாள். பழுப்பு நிறச் சேலை. அந்தோணியாரின் அங்கி நிறம் அது என்று அவருக்குத் தெரியும். இப்படி ஒரு சேலை இந்த வீட்டில் எப்போது வந்தது, எங்கே இருந்தது என்பதுதான் தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல் பின்கதவைத் திறந்துவிட்டார். இடது கை அசையாமல் இருக்க ஒரு தலையணையை ஏற்கெனவே சீட்டில் வைத்திருந்தார். டாக்டர் எடுத்துவிடச் சொன்ன இடது மார்பில், கட்டியில் சதை எடுத்துப் பரிசோதித்த இடத்தில் அவளுக்கு இன்னும் தையல் பிரிக்கவில்லை.

வினோலியா வண்டியை எடுத்தாள். அப்பாவின் வலது முழங்கால் பிரேக்கை அழுத்தச் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது.

“அப்பா, நீங்க கோயிலுக்குள்ள வருவீங்களா?”

“நான் வெளிய நிப்பேன்.”

“இந்த வெயில்லயா?”

“ஏன், ஏதாச்சும் ஒரு மரத்தடியில நிக்கேன்.”

“அங்கன மரமே கெடையாது” என்றாள் ஸ்டெல்லா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. அன்று அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். வினோலியா சிரித்துவிட்டாள். சாமுவேல்ராஜ் முன்சீட்டில் கழுத்தைத் திருப்பாமல், மனைவி பேசியதே போதும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

கடம்பூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு. கோடை உழவு போட்டு மழைக்காகப் போட்டு வைத்த நிலம், கட்டி கட்டியாகக் கிடந்தது. மேல்காற்று மண்ணை வாரிக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடியது. ஈச்சங்குளம் வருவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் பாட்டு வந்துவிட்டது. பிறகு கோபுரம் வந்தது.

உழுத காட்டையே ஒதுக்கி வண்டி நிறுத்தம் ஆக்கியிருந்தார்கள். வேன்கள், ஆட்டோக்கள், ஆட்டை ஏற்றி வந்த மினி லாரிகள். மொட்டை போட்ட பிள்ளைகள் சந்தனத் தலையோடு அழுதுகொண்டிருந்தன. ஸ்டெல்லா காரை விட்டு இறங்கி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த ஸ்டெல்லா சட்டென்று அவள் நடையில் வந்துவிட்டாள். கூட்டத்தில் எங்கே ஒதுங்க வேண்டும், எந்த வாசல் சுலபம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மகள்தான் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

சாமுவேல்ராஜ் வெளியே நின்றார். உண்மையாகவே மரம் இல்லை.

“அண்ணாச்சி, மெழுகுதிரி வாங்கலியா? காணிக்கைக்கு உப்பு மெளகு?”

நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கடை போட்டிருந்த பெண் கூப்பிட்டாள். தலையில் முக்காடு.

“நமக்கு அந்த வழக்கம் இல்லம்மா.”

“எனக்குந்தான் இல்ல. நான் ஓட்டப்பிடாரத்துல பள்ளிவாசல் தெரு. வருசா வருசம் இங்கன வந்து கடை போடுதேன். தௌலத் பேகம் கடைன்னா இங்க எல்லாருக்கும் தெரியும். வாங்காட்டாலும் பரவால்ல, நெழலுக்கு வந்து இருங்க. இந்தக் காத்துல தார்ப்பாய் ஓரத்தப் பிடிக்க ஒரு ஆள் இருந்தா எனக்கும் நல்லது.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோலத்தில்தான் கிங்ஸ்டன் அவரைப் பார்த்தான். சபை வாலிபர் சங்கத்துப் பையன். மைக் செட் வாடகைக்கு விடுகிற தொழில். திருநாளுக்கு ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும் அவனுடையதுதான் போலிருக்கிறது.

“அண்ணாச்சி! நீங்களா? இங்கனயா?”

“வீட்ல அவளக் கூட்டிட்டு வந்தேன்டே.”

“அதான பாத்தேன்” என்று நிம்மதியாகச் சிரித்துவிட்டு வயரைச் சுருட்டிக்கொண்டு போனான்.

பூசை தொடங்கியது. சாமுவேல்ராஜ் கேட்காமல் இருக்க முடியவில்லை, ஸ்பீக்கர் அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. வாசித்த வேதப்பகுதி அவருக்கு மனப்பாடம். பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது. “விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று கூட்டம் மொத்தமும் சொல்ல ஆரம்பித்தபோது அவர் வாய் தானாக, “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று முணுமுணுத்தது. அவர்கள் நிறுத்திய இடத்தில் இவர் சபை சொல்கிற ஜெபத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அதைத் தனியாகச் சொல்லி முடித்தார். ஸ்டெல்லா உள்ளே இதில் எதைச் சொல்லியிருப்பாள் என்று யோசித்தார். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று ஜெபித்தவள், உதட்டுக்குள் எதைச் சொன்னாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பூசை முடிந்து அசனச் சாப்பாட்டுக்குக் கூட்டம் பிரிந்தது. மூன்று தட்டு வாங்கி வருகிறேன் என்று வினோலியா வரிசையில் போய் நின்றாள். பந்தல் ஓரமாக ஒரு பாய் காலியாக இருந்தது. புருஷனும் மனைவியும் உட்கார்ந்தார்கள்.

“என்ன வேண்டிக்கிட்ட?”

“அத வெளிய சொல்லக் கூடாது.”

“சரி. முடிவ சொல்லலாம்லா?”

அவள் சேலைக் கரையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஸ்டெல்லா, கெஞ்சிக் கேக்கேன். டாக்டரு என்ன சொன்னாரு? ஆரம்பத்துலயே பாத்தாச்சு, எடுத்துட்டா பயம் இல்லன்னாரா இல்லியா? கத்திக்குப் பயந்துக்கிட்டு…”

“கத்திக்கு யாரு பயந்தா?”

“பொறவு என்ன?”

“ஆபரேஷன் வேண்டாங்க. மாத்திர மருந்துல எது வரைக்கும் போகுதோ போட்டும்.”

“எது வரைக்கும்னா? சாகப் போறியா நீ?”

சத்தமாகக் கேட்டுவிட்டார். பக்கத்துப் பாயில் இருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. ஒரு குழந்தை சோற்றை வாயில் வைத்தபடியே பார்த்தது. சாமுவேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்டெல்லாவுக்குக் கோபம் வரவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

“எங்க ஜெயஷீலா அக்காவ நெனச்சுப் பாத்தீங்களா?”

“அவிய இந்த ஆபரேஷன்ல சாகலியே. அதுக்குப் பொறவு எத்தன வருசம் நல்லா இருந்தாவ. கடைசீல நெஞ்சுவலியிலதான…”

“நல்லாத்தான் இருந்தா. நான் ஒரு மாசம் அவ கூட இருந்து பாத்துக்கிட்டேன்லா. எனக்குத் தெரியாதா?” அவள் நிறுத்தினாள். பிறகு ஒரே மூச்சில் வந்தது. “அத்தான் ஒரு கொறையும் வைக்கல. மாத்திர, பழம், காரு வச்சு ஆஸ்பத்திரி. எல்லாம் செஞ்சாரு. கட்டு அவுத்த அன்னைக்கு, ‘நான் உருண்டு பெரண்டு படுக்கிறவன், ஒனக்கு எங்கயாச்சும் பட்டுரும்’னு சொல்லிட்டு அவரு கட்டில வராந்தாவுல தூக்கிப் போட்டாரு.”

“அது அக்கறையிலதான…”

“புண்ணு ஆறிட்டு. கட்டில் திரும்ப வரல.”

ஒலிபெருக்கியில் யாரோ காணாமல்போன பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை, மூன்று வயது, சொந்த ஊர் பசுவந்தனை.

“ஒரு நாள் அக்கா என்ட்ட சொன்னா. ‘ஸ்டெல்லா, அவிய இப்பல்லாம் என் மொகத்த மட்டுந்தான் பாக்குதாவ’ன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. எனக்கு அந்தச் சிரிப்பு மறக்க மாட்டேங்கு.”

சாமுவேல்ராஜ் வாயைத் திறந்தார். “நான் அப்படிப்பட்டவனாட்டி?”

“அத்தான் மட்டும் அப்படிப்பட்டவரா? கல்யாணம் ஆன புதுசுல அக்கா தலைக்கு அவரே பூ வாங்கிட்டு வந்து அவரே வச்சு விடுவாரு. நாங்கல்லாம் கேலி பண்ணுவோம். அவருக்கே தெரியாதுங்க, தான் அப்படி மாறிப்போவோம்னு.”

கடையில் மோட்டார் காயில் சுற்றியபோது பட்ட வார்னிஷ் கறை படிந்த விரல்களை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சபையில் எந்தக் கேள்விக்கும் வசனம் எடுத்துச் சொல்கிற மனுஷர்.

“இத ஒங்கட்ட சொல்லணும்னு நான் வரல” என்றாள் ஸ்டெல்லா. “அந்தோணியார்ட்ட சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். அவருட்ட சொல்லியாச்சு. நீங்க சத்தம் போட்டதுல ஒங்கட்டயும் சொல்லிட்டேன்.”

வினோலியா தட்டுகளோடு வந்துவிட்டாள். சோறு, கத்திரிக்காய் போட்ட கறிக்குழம்பு. இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவின் தட்டில் இருந்த எலும்பைப் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

கை கழுவிவிட்டு வரும்போது ஸ்டெல்லா நின்றுவிட்டாள்.

கோயிலைச் சுற்றிக் கும்பிடு சேவை நடந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுவார்கள். எழுந்து, கை தொட்ட இடத்தில் கால் வைத்து, மறுபடி விழுவார்கள். அப்படியே கோயிலை ஒரு சுற்று வரவேண்டும். வெயிலில் மண் சுடாமல் இருக்க டேங்கர் தண்ணீரை அடித்திருந்தார்கள். கரிசல் நனைந்து பசைபோல் ஒட்டியது. சுற்றி வந்தவர்கள் எல்லோரும் முழங்காலும் நெற்றியும் கறுப்பாக இருந்தார்கள்.

ஒரு இளம் பெண் விழுந்து எழுந்து போனாள். அவள் புருஷன் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். ஸ்டெல்லா அந்தக் குழந்தையையே பார்த்தாள்.

சாமுவேல்ராஜ் ஸ்டெல்லாவைப் பார்த்தார். எப்போதோ காதில் விழுந்து, அப்படியே புதைந்துபோன ஒன்று மேலே வந்தது.

“வினோவுக்குக் கைப்பிள்ளையில ஜன்னி கண்டப்போ ஒரு பொருத்தனை வச்சியே. அது இதுதானா?”

அவள் ஆச்சரியத்தோடு திரும்பினாள். “ஒங்களுக்கு அது ஞாபகம் இருக்கா?”

“இப்பதான் வந்தது.”

“ஆமா. பிள்ள பொழச்சா கோயிலச் சுத்திக் கும்பிடு சேவை செய்யுதேன்னு சொல்லியிருந்தேன்.”

“நான் கூடாதுன்னேன்.”

“ஆமா.”

“இப்ப செய்யி.”

“கைய ஊணிப் படுக்க முடியாதுங்க. தையல் இழுக்குது.”

வினோலியாவுக்கு இந்தக் கதை புதிது. “எனக்காக வச்ச பொருத்தனையா? அப்ப நான் செய்யுதேன்மா. நகருங்க.”

“நீ இரு” என்றார் சாமுவேல்ராஜ். அவர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். “தடுத்தவன் நான். நான் செய்யுதேன்.”

“அப்பா! ஒங்க முழங்கால்ல…”

“அது பாத்துக்கிடும்.”

“சபையில யாராச்சும் பாத்தா?”

“பாக்கட்டும்.”

கண்ணாடி, கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் மகள் கையில் கொடுத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். கோயில் வாசலுக்கு நேராகப் போய் நின்றார். ஸ்டெல்லா அவர் பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்தாள்.

“வேண்டாங்க. நீங்க சுரூபத்தக் கும்பிட மாட்டீங்க. எனக்காக மனசாட்சிக்கு விரோதமா எதுவும் செய்யாண்டாம்.”

“சுரூபத்த யாரு கும்பிடுதா? நான் ஆண்டவரத்தான் கும்பிடப் போறேன். எடந்தான் ஒன் எடம்.”

விழுந்தார்.

முதல் பக்கம் முழுக்க வெட்கமாகத்தான் இருந்தது. அறுபதை நெருங்குகிற ஆள், தொப்பை தரையில் அடிக்க விழுவதும், கையை ஊன்றி எழுவதும். ஈர மண் சட்டைக்குள் போனது. பின்னால் வந்த பையன்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். இரண்டாவது பக்கம் திரும்பியபோது வெட்கம் போய்விட்டது, மூச்சு வாங்கியது மட்டும்தான் மிச்சம். ஸ்டெல்லா பக்கத்திலேயே நடந்தாள். அவர் எழும்போதெல்லாம் அவளுடைய பழுப்புச் சேலையின் கரை கண்ணுக்கு நேரே தெரிந்தது.

கோயிலின் பின்பக்கம் வந்தபோது முழங்கால் ஒரு தடவை சுருக்கென்றது. விழுந்தவர் எழவில்லை.

“என்னங்க! வலிக்கா? போதும், எந்திரிங்க. இம்புட்டு செஞ்சதே போதும்.”

வலது கையால் அவர் தோளைப் பிடித்தாள். அவர் எழ முயலவில்லை. கன்னம் மண்ணில் பதிய, முகத்தை அவள் பக்கம் திருப்பினார். நின்றுகொண்டு அவள் முகத்தைப் பார்த்து வராத பேச்சு, படுத்துக்கிடந்தபோது வந்தது.

“ஸ்டெல்லா, கட்டில் இருந்த எடத்துலதான் இருக்கும்.”

“என்ன?”

கிங்ஸ்டனின் ஸ்பீக்கர் ஒன்று பின்பக்கமும் கட்டியிருந்தது. அதில் பாட்டு அலறியது.

“கட்டில் இருந்த எடத்துலதான் இருக்கும்ங்கேன்.”

“ஒண்ணும் கேக்கலங்க!”

சாமுவேல்ராஜ் கைகளை ஊன்றித் தலையைத் தூக்கினார். “நம்ம கட்டில் எங்கயும் போகாது! இருந்த எடத்துலதான் இருக்கும்!”

அவர் கத்துவதற்கும் பாட்டு முடிவதற்கும் சரியாக இருந்தது.

பின்னால் கும்பிட்டுக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் அப்படியே மண்டிபோட்டபடி நின்றுவிட்டார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்த வினோலியா வானத்தைப் பார்த்தாள். ஸ்டெல்லாவின் முகம் காது வரை சிவந்துபோனது.

“எந்திரிங்க. எல்லாரும் பாக்காவ” என்றாள்.

அவர் எழுந்தார். அதற்குப் பிறகு கோயில் வாசல் வரும் வரை, அவர் விழுந்த ஒவ்வொரு முறையும் குனிந்து, எழுந்த ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து, அவள் அவர் கைச்சந்தில் இருந்து தன் கையை எடுக்கவே இல்லை.

திரும்பும்போது வினோலியா சீட்டில் நியூஸ்பேப்பர் விரித்தாள். சாமுவேல்ராஜ் இந்த முறை பின்சீட்டில், ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்தார். கரிசல் காய ஆரம்பித்து, சட்டை அட்டைபோல் விறைத்துக்கொண்டு நின்றது. புருவத்தில்கூட மண்.

கடம்பூரில் போளிக் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார். அந்தக் கோலத்திலேயே இறங்கினார். கடைக்காரர் போளியை வாழையிலையில் வைத்தவர் நிமிர்ந்து பார்த்துப் பதறிப்போனார்.

“என்ன அண்ணாச்சி, எங்கயும் விழுந்துட்டீங்களா?”

“ஆமாப்பா. நல்லா விழுந்துட்டேன்.”

காருக்குள்ளிருந்து ஸ்டெல்லாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாமுவேல்ராஜ் பொட்டலத்தை வாங்க மறந்து அந்தப் பக்கமே பார்த்தார். கட்டி என்று ஒன்று கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

போளியைப் பிட்டு ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. அது இன்னும் வினோலியாவிடம்தான் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணாச்சி, கிங்ஸ்டன் பேசுதேன். சத்தியமா நான் எடுக்கல. யாரோ வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டாங்க. அது நம்ம சபை குரூப்புக்கு வந்துட்டு. இது நம்ம செயலாளரா, வேற ஆளான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. மண்ணு அப்பியிருக்கதுல மொகம் சரியா தெரியல. வேற ஆள்னு சொல்லிரட்டா அண்ணாச்சி?”

சாமுவேல்ராஜ் வாயில் இருந்ததை விழுங்கினார். “எதுக்குடே? நான்தான்னு சொல்லு.”

கிங்ஸ்டன் குரலைத் தாழ்த்தினான்.

“ஐயரும் பாத்துட்டாரு அண்ணாச்சி.”

சபைப் போதகரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். சாமுவேல்ராஜ் “சரிடே, வையி” என்றார்.

வண்டி ஓடியது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சாமுவேல்ராஜ் தன் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபையில் என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று மனசு ஓடுவதை அவரால் நிறுத்த முடியவில்லை.

“ஒங்க அக்காமாருக்கு இப்பம் சொல்லாண்டாம்” என்றாள் ஸ்டெல்லா.

“எத? வீடியோவையா? அத இந்நேரம் அவியளே பாத்திருப்பாவ.”

“அது இல்ல. ஆபரேஷன. முடிஞ்ச பொறவு சொல்லிக்கிடலாம். முன்னாலயே சொன்னா மூணு பேரும் ஆஸ்பத்திரில வந்து ஒக்காந்துக்கிட்டு என்னையப் படுக்க விட மாட்டாவ.”

வண்டி மெதுவாகி ரோட்டோரம் ஒதுங்கி நின்றது. வினோலியா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி, வண்டிக்கு என்ன?”

“பின்னால லாரி வந்துச்சும்மா. வழி விட்டேன்.”

பின்னால் ரோடு காலியாகக் கிடந்தது. ஸ்டெல்லா திரும்பிப் பார்க்கவில்லை. சாமுவேல்ராஜ் தன் கையை நீட்டினார். மண் காய்ந்த கை என்று யோசித்து இழுத்துக்கொள்ளப் போனார். அதற்குள் அவள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மகள் முன்னால் இருக்கிறாள் என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கையை அவர் எடுக்கவில்லை.

மத்தியானம் திரும்பி, கோவில்பட்டியில் தெருமுனை வந்தபோது வினோலியா வேகத்தைக் குறைத்தாள்.

“அப்பா.”

வீட்டு வாசலில் போதகரின் வெள்ளைக் கார் நின்றிருந்தது. பக்கத்தில் இரண்டு பைக். கமிட்டி ஆட்கள் இருவர் கேட்டுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். போதகர் காருக்குள்ளிருந்து இறங்கினார். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா, வருத்தம் இருக்கிறதா என்று இத்தனை தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கையில் வேதாகமம் இருந்தது.

சாமுவேல்ராஜ் அவசரமாகக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். சட்டையைப் பார்த்தார். காய்ந்த கரிசலை இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தார். அது பொடிப்பொடியாக நியூஸ்பேப்பரில் உதிர்ந்தது.

ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“தட்டாதீங்க” என்றாள். “அப்படியே வாங்க.”

சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் அவளே கதவைத் திறந்து இறங்கினாள்.